ஐம்பதுக்கு மேல் மீண்டும் வேலைக்குச் செல்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 17 ஆண்டுகள் வேலை பார்த்த நான், மாமியார் படுத்த படுக்கையானதால் 2013-ல் வேலையை விட்டேன். அப்போது எனக்கு 43 வயது. அவர் காலமாகி, பிள்ளைகளின் படிப்பும் ஒரு நிலைக்கு வந்தபின், 2021-ன் கடைசியில் மீண்டும் வேலை தேடத் தொடங்கினேன். ஏழு மாதங்கள் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டே இருந்தேன். பெரும்பாலான இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. வந்த சில பதில்களும் இளையவர்களைத்தான் எதிர்பார்க்கிறோம் என்ற அளவில் முடிந்தன. கடைசியில் 52-வது வயதில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்காளராகச் சேர்ந்தேன். அதன் பிறகு, என்னைப் போலவே இடைவெளிக்குப் பின் வேலை தேடிய உறவினர்கள், பழைய சக ஊழியர்கள் சிலருக்குக் கூட இருந்து உதவியிருக்கிறேன். அதில் எது பயன்பட்டது, எதில் காலம் வீணாயிற்று என்பதை இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது கணக்கு வேலை என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். ஆனால் கொள்முதல், ஸ்டோர்ஸ், அலுவலக நிர்வாகம் என எந்த மேசை வேலைக்குத் திரும்புகிறவருக்கும் வழிமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும்

தனியார் நிறுவனம் ஒன்று ‘35 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்’ என்று விளம்பரம் கொடுத்தால், அதைத் தடுக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வேலையில் வயதைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 1967-லேயே சட்டம் இயற்றினார்கள். நம் அரசமைப்புச் சட்டத்தின் 16-வது பிரிவோ, அரசு வேலையில் மதம், இனம், சாதி, பால், வம்சாவளி, பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்று பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் வயது இடம்பெறவில்லை. முதுமையிலும் வேலையின்மையிலும் அரசு உதவ வேண்டும் என்று 41-வது பிரிவு சொன்னாலும், அது வழிகாட்டும் நெறி என்பதால் அதைக் காட்டி நீதிமன்றத்தில் வேலை கேட்க முடியாது.

ஆனாலும் நம் நீதிமன்றங்கள் வயது வரம்பை எப்போதும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 45 வயதைக் கடந்தவர்கள் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது என்று இந்திய வழக்கறிஞர் மன்றம் கொண்டுவந்த விதியை, நியாயமற்றது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1995-ல் ரத்து செய்தது. வேறு துறையில் ஓய்வு பெற்றுவிட்டு, சட்டம் படித்துக் கறுப்பு அங்கி அணிகிறவர்களுக்கு அந்தத் தீர்ப்புதான் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வையும் பலர் தங்களுக்கு உரியதல்ல என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். அதில் பெரும்பாலான பதவிகளுக்கு, பத்தாம் வகுப்பைவிடக் கூடுதலாகப் படித்துள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கும், எந்தச் சாதியைச் சேர்ந்த ஆதரவற்ற விதவைகளுக்கும் உச்ச வயது வரம்பு கிடையாது. 60 வயது நிறைவடையாதிருந்தால் போதும். 48 வயதில் ஒருவர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர முடியும் என்பது பல வீடுகளில் தெரியாத செய்தி. அறிவிக்கை வரும்போது வயது வரம்புப் பகுதியை நீங்களே வரி வரியாகப் படியுங்கள். கேள்விப்பட்டதை நம்பி விட்டுவிட வேண்டாம்.

தனியார் நிறுவனத்தைப் பொறுத்தவரை, வயதைச் சொல்லி மறுத்தவரோடு வாதாடிப் பயனில்லை. அந்த நேரத்தை அடுத்த கதவுக்குச் செலவிடுங்கள்.

வயது காரணமா, வழக்கொழிந்த அறிவு காரணமா

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். மறுக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் வயதைத்தான் காரணமாக எண்ணினேன். சில இடங்களில் அது உண்மை. வேறு சில இடங்களில், என் அறிவு எந்த ஆண்டில் நின்றுபோயிருந்தது என்பதே காரணமாக இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை.

முதல் நேர்காணலில் என்னிடம், “2பி ரிகன்சிலியேஷன் பண்ணியிருக்கீங்களா, மேடம்?” என்று கேட்டார்கள். அது என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. நான் வேலையை விட்டபோது இருந்தது வாட் வரி. ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நமக்குப் பொருள் விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களையெல்லாம் திரட்டி, ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி இணையதளம் காட்டும் அறிக்கைதான் 2பி என்பதையும், நம் கொள்முதல் ஏட்டோடு அதை ஒத்துப் பார்த்த பிறகுதான் 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்து வரிக் கழிவு எடுக்க வேண்டும் என்பதையும் நான் அப்போது அறியேன். அடுத்து, கணினியில் ஒரு பதிவு போட்டுக் காட்டச் சொன்னார்கள். நான் பழகியிருந்த டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு பட்டியலாக உள்ளே போய்த்தான் அறிக்கையைத் திறப்போம். 2020 நவம்பரில் வந்த டேலி பிரைமில் ஆல்ட் விசையோடு ஜி-யை அழுத்தினால் எங்கிருந்தும் எதற்கும் போகலாம். நான் பழைய பட்டியலைத் தேடிக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடத்தில், எதிரில் இருந்தவர் முகத்தைப் பார்த்தே எனக்கு விடை தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, ‘வயதானவள் என்று ஒதுக்கிவிட்டார்கள்’ என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை.

ஆகவே வேலை தேடும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நீங்கள் வேலையை விட்ட ஆண்டிலிருந்து இன்றுவரை உங்கள் தொழிலில் என்னென்ன மாறியிருக்கிறது என்று எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத முடியாது. அந்த வேலையில் இன்று இருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுத வேண்டும். ‘காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்தது முதல் மாலை கிளம்பும் வரை நீ என்னென்ன திறக்கிறாய், எதில் தட்டுகிறாய், யாருக்கு அனுப்புகிறாய்’ என்று கேளுங்கள். கணக்கு வேலையில் என் பட்டியல் இப்படி இருந்தது: ஜிஎஸ்டி தாக்கல்கள், மின்வழிச் சீட்டு எனப்படும் இ-வே பில், இ-இன்வாய்ஸ், டேலி பிரைம், எக்செலில் இரண்டு பட்டியல்களை ஒத்துப் பார்க்க உதவும் வி-லுக்கப், வங்கிக் கணக்கை இணையத்திலிருந்து இறக்கி ஒத்துப் பார்ப்பது. இன்று எழுதினால், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமானதையும், 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் பெரும்பாலும் 5, 18 என்ற இரண்டுக்குள் அடங்கியதையும் சேர்ப்பேன். அன்று எழுதிப் பார்த்தபோது ஆறு வரிதான் வந்தது. ஒன்பது ஆண்டு இடைவெளி என்று நான் மலைத்துக்கொண்டிருந்தது, உண்மையில் ஆறு வரி. இரட்டைப் பதிவு முறை மாறவில்லை. கடன் பாக்கி வசூலிக்கும் முறை மாறவில்லை. தவறான பில் ஒன்று கண்ணில் படும்போது உள்ளே எழும் உறுத்தல் மாறவில்லை.

அந்த ஆறு வரியை எங்கே கற்பது

யூடியூபில் தமிழிலேயே நல்ல பாடங்கள் இருக்கின்றன. தொடக்கத்துக்கு அவை போதும். மூன்று மாதம், ஆறு மாதம் என்று பெரும் கட்டணம் வாங்கும் பயிற்சி நிலையங்களில் உடனே சேர்ந்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. அவை வேலையே பார்த்திராத இளையவர்களுக்காக ஆனா, ஆவன்னாவிலிருந்து தொடங்கும். உங்களுக்குத் தேவையானது கடைசி இருபது விழுக்காடு மட்டும்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது ஓர் ஆடிட்டர் அலுவலகம். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆடிட்டர் அலுவலகங்களில் வருமான வரித் தாக்கலும் தணிக்கையும் ஒன்றாக வந்து குவியும். அந்தப் பருவத்தில், கணக்கு தெரிந்த ஒருவர் மூன்று மாதம் வந்து உட்காருகிறேன் என்றால் வயதைக் கேட்கிறவர்கள் குறைவு. சம்பளம் சிறிதுதான். நான் அந்தப் பணத்தைப் பயிற்சிக் கட்டணம் மிச்சம் என்று எண்ணிக்கொண்டேன்.

அங்கே எனக்கு 2பி சொல்லிக் கொடுத்தது 24 வயதுப் பெண். அவள் இரண்டு பட்டியல்களையும் எக்செலில் போட்டு, கண் இமைக்கும் நேரத்தில் ஒத்துப்போகாத பில்களைப் பிரித்துவிடுவாள். ஒரு நாள் ஒரே நூல் வியாபாரியின் ஒன்பது பில்கள் ஒத்துப்போகாமல் நின்றன. பில்களைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நம் ஏட்டில் 118 என்று இருந்தது, அவர்கள் தாக்கலில் 0118 என்று இருந்தது. அது ஏழு பில்களுக்கான விடை. மீதி இரண்டும் அந்த வியாபாரியின் ஈரோட்டுக் கிளையிலிருந்து வந்தவை போல இருந்தாலும், மேலே அச்சிட்டிருந்த ஜிஎஸ்டி எண் 32 என்று தொடங்கியது. தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்க வேண்டும், 32 கேரளம். பாலக்காட்டுக் கிளையின் பில் புத்தகத்தை எடுத்து எழுதிவிட்டிருக்கிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் அது சரியாயிற்று. பில்லைத் தாளாகப் பார்த்துப் பழகிய கண் எனக்கு இருந்தது; ஆயிரம் வரியை ஒரே நொடியில் பிரிக்கும் கை அவளுக்கு இருந்தது. அந்த மூன்று மாதமும் நாங்கள் ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றோம். அங்கிருந்த ஆடிட்டர்தான் தன் வாடிக்கையாளர் ஒருவருக்குக் கணக்காளர் தேவை என்று சொல்லி என்னை அனுப்பினார்.

உங்கள் துறையில் ஆடிட்டர் அலுவலகத்துக்கு நிகரான இடம் எது என்று யோசியுங்கள். பருவத்துக்குப் பருவம் வேலை குவிகிற, ஆள் பற்றாக்குறையுள்ள, பல நிறுவனங்களோடு தொடர்புள்ள இடமாக அது இருக்க வேண்டும். ஆசிரியருக்கு அது தேர்வுக் காலத்தில் மாலை வகுப்பு நடத்தும் மையமாக இருக்கலாம். ஸ்டோர்ஸ் பொறுப்பாளருக்கு ஆண்டு இருப்புக் கணக்கெடுப்பாக இருக்கலாம்.

பயோடேட்டா

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பழைய வழக்கப்படி தந்தை பெயர், மதம், திருமண நிலை, பிறந்த தேதி என்று தொடங்கும் பயோடேட்டாவைத் தூக்கி வைத்துவிடுங்கள். பிறந்த தேதியை எழுதாமல் விடுவது பொய் அல்ல. கேட்டால் சொல்லப் போகிறோம். ஆனால் வயதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆதார் அட்டையைக் கேட்ட அன்றே அது வெளிப்படும். அதன் பிறகு உங்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருக்காது. தலைக்குச் சாயம் பூசுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். நான் பூசவில்லை.

முதல் நான்கு வரிகளில் இன்று உங்களால் செய்ய முடிந்ததை எழுதுங்கள். ‘கணக்குத் துறையில் 17 ஆண்டு அனுபவம்’ என்று நான் தொடங்கிய விண்ணப்பங்களுக்குப் பதில் வரவில்லை. ‘டேலி பிரைமில் மாதம் 600 பில்கள் வரை பதிவு, 2பி ஒத்துப் பார்த்தல், 3பி தாக்கலுக்குத் தயார் செய்தல் ஆகியவற்றை 2022 ஜூலை முதல் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் செய்து வருகிறேன்’ என்று மாற்றிய பிறகு தொலைபேசி ஒலித்தது. பழைய அனுபவத்தை அதற்குக் கீழே எழுதினால், அது பாரமாகத் தெரியாமல் பலமாகத் தெரியும். எத்தனை பில், எத்தனை வியாபாரிகளின் கணக்கு, எவ்வளவு விற்றுமுதல் என்று எண்களாக எழுதுங்கள். ‘கடின உழைப்பாளி, நேர்மையானவர்’ என்பதையெல்லாம் எல்லோரும் எழுதுகிறார்கள்.

இடைவெளியை ஒளிக்க வேண்டாம். ‘2013–2022: குடும்பத்தில் நோயுற்ற முதியவரைக் கவனிக்கும் பொறுப்பு, அது இப்போது நிறைவுற்றது’ என்ற ஒரே வரி போதும். அந்த ‘இப்போது நிறைவுற்றது’ மிக முக்கியம். மறுபடியும் பாதியில் போய்விடுவார்களோ என்ற ஐயத்துக்கு அந்தச் சொற்கள் முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகின்றன.

எங்கே தேடுவது

நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற தளங்களில் பதிவு செய்துவையுங்கள். ஆனால் அவற்றை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அனுபவம் இத்தனை ஆண்டு முதல் இத்தனை ஆண்டு வரை என்று வடிகட்டித் தேடும் வசதி அங்கே இருப்பதால், மனிதக் கண் படும் முன்பே நாம் வடிந்துவிடுகிறோம். அரசு நடத்தும் தனியார்துறை வேலைவாய்ப்பு முகாம்கள் பற்றி அந்தந்த மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் விசாரிக்கலாம். போகும் முன் அறிவிப்பில் உள்ள வயது வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பு குறைவாக இருந்தாலும், அங்கே கடை விரித்திருக்கும் நிறுவனங்களின் பட்டியலாவது கிடைக்கும்.

60 வயதைக் கடந்தவர்களுக்காக மத்திய சமூக நீதி அமைச்சகம் 2021 அக்டோபரில் ‘சேக்ரெட்’ என்ற வேலைவாய்ப்பு இணையதளத்தைத் தொடங்கியது. மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழிகாட்டுதல் கேட்கலாம்.

எனக்குத் தெரிந்து, வயது முதிர்ந்தவர்களுக்கு வேலை கிடைத்த வழிகளில் பெரும்பாலானவை ஆட்கள் வழியாகவே வந்தன. பழைய மேலாளர், நமக்குப் பொருள் அனுப்பிய வியாபாரி, வங்கிக் கிளையில் நம்மை அறிந்த ஊழியர், ஆடிட்டர் ஆகியோரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பலர். ‘வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘ஜிஎஸ்டி தாக்கல் வரை பார்த்துக்கொள்ளும் கணக்காளர் வேலை, காலை 9.30 முதல் மாலை 6 வரை, காந்திபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்’ என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் கேட்டவர் நினைவில் நிற்கும். முப்பது, நாற்பது பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனங்களை முதலில் அணுகுங்கள். அங்கே முதலாளியே முடிவெடுப்பார், கணக்காளர் திடீரென்று நின்றுவிட்டால் மாதக் கடைசியில் என்ன பாடு என்பதும் அவருக்குத் தெரியும்.

வேறு துறைக்கு மாற நினைப்பவர்கள் சில வயது வரம்புகளைத் தெரிந்துகொள்வது நல்லது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 65 வயதுக்குட்பட்டவரைக் காவலராக அமர்த்தலாம். ஓட்டுநர் உரிமத்தை 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் கொடுப்பார்கள். ஆகவே வேலை தேடும் முன் அது காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். 2024 டிசம்பரில் தொடங்கிய எல்ஐசியின் பீமா சகி திட்டத்தில் பத்தாம் வகுப்பு தேறிய பெண்கள் 70 வயது வரை சேரலாம். அது மாதச் சம்பள வேலை அல்ல, பாலிசி பிடித்துத் தர வேண்டிய முகவர் வேலை என்பதை உணர்ந்து சேருங்கள்.

நேர்காணல்

எதிரில் இருப்பவர் மனத்தில் பொதுவாக நான்கு அச்சங்கள் இருக்கும்: இவர் கூடுதல் சம்பளம் கேட்பார், இளைய மேலாளரின் சொல்லுக்குக் கட்டுப்பட மாட்டார், கணினி வராது, அடிக்கடி உடம்புக்கு முடியாமல் விடுப்பு எடுப்பார். இவற்றை அவர்கள் நேராகக் கேட்க மாட்டார்கள். கேட்காத கேள்விக்கும் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

என்னைத் தேர்ந்தெடுத்த இடத்தில் மேலாளருக்கு 31 வயது. “மேடம், எங்க டீம்ல எல்லாருமே முப்பதுக்குள்ளதாங்க. உங்களுக்குச் சரிப்பட்டு வருமாங்களா?” என்று தயங்கியபடி கேட்டார். “போன வாரம் வரைக்கும் எனக்கு 2பி சொல்லிக் கொடுத்தது 24 வயசுப் பொண்ணுங்க. தப்புப் பண்ணினா திட்டவும் செஞ்சா. இங்கயும் அப்படியே இருக்கலாங்க” என்றேன். அவர் சிரித்துவிட்டார். ‘நான் எல்லோருடனும் நன்றாகப் பழகுவேன்’ என்று சொல்லியிருந்தால் அந்தத் தயக்கம் விலகியிருக்காது. நடந்த ஒன்றைச் சொன்னதால் விலகியது. நீங்களும் ஒவ்வோர் அச்சத்துக்கும் உண்மையாக நடந்த ஒரு நிகழ்ச்சியைத் தயாராக வைத்திருங்கள். கணினி பற்றிய ஐயம் இருப்பதாகத் தோன்றினால், “ஒரு பில் கொடுங்க, போட்டுக் காட்டுறேன்” என்று நீங்களே கேளுங்கள். உடல்நலத்தைப் பற்றி நீங்களாக விரிவாகப் பேச வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் அது வேலைக்குத் தடையே இல்லை.

தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு: ‘எங்கள் காலத்தில்’ என்று தொடங்கும் எந்த வாக்கியமும்.

சில இடங்களில் ‘ஆன்ட்டி’ என்றோ ‘அம்மா’ என்றோ அழைப்பார்கள். மரியாதையாகத்தான் அழைக்கிறார்கள், ஆனால் அலுவலகத்தில் அந்த முறைப்பெயர் நம்மை வேலையிலிருந்து விலக்கி மூலையில் உட்காரவைத்துவிடுகிறது என்பதை நான் கண்டிருக்கிறேன். முதல் வாரத்திலேயே, “மேடம்னோ பேர் சொல்லியோ கூப்பிடுங்க” என்று இனிமையாகச் சொல்லிவிடுங்கள்.

சம்பளம், தாள்கள், பிஎஃப்

பழைய சம்பளத்தைக் கேட்டு நிற்பதும் தவறு, வயதாகிவிட்டதே என்று எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதும் தவறு. அதே வேலைக்கு ஐந்து ஆண்டு அனுபவமுள்ள ஒருவருக்கு அந்த ஊரில் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, அதை உங்கள் கீழ்வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துச் சம்பளத்தை மறுபார்வை செய்வதாக எழுத்தில் வாங்குங்கள். பகுதிநேரம், வாரம் நான்கு நாள் என்று கேட்கத் தயங்க வேண்டாம். சிறிய நிறுவனங்களுக்குச் சில சமயம் அதுவே வசதி.

வயதானவர்களை ‘ஆலோசகர்’ என்ற பெயரில் எடுப்பது வழக்கமாகி வருகிறது. அப்படி எடுத்தால் பிஎஃப், இஎஸ்ஐ, பணிக்கொடை எதுவும் கிடையாது. தொழில்முறைக் கட்டணமாகக் கருதி பொதுவாக 10 விழுக்காடு வரி பிடித்துத்தான் தருவார்கள். வேலை நேரமும் இருக்கையும் மற்ற ஊழியர்களைப் போலவே இருக்குமானால் ஊழியராகவே சேர்க்கும்படி கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம், 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை ஆகியவற்றுக்கு இடம் கொடுக்கின்றன. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ உண்டு. வயது அதற்குத் தடையில்லை.

பிஎஃப்பில்தான் பலர் இடறுகிறார்கள். யுஏஎன் என்ற பொது எண் 2014 அக்டோபரில் வந்தது. அதற்கு முன் வேலையை விட்டவர்களிடம் பழைய கணக்கு எண் மட்டும்தான் இருக்கும். பழைய சம்பளச் சீட்டைத் தேடி எடுத்து, அந்த எண்ணைப் புதிய நிறுவனத்தில் தரும் பிஎஃப் உறுதிமொழிப் படிவத்தில் கட்டாயம் குறிப்பிடுங்கள். அப்போதுதான் பழைய பணிக்காலமும் புதியதும் ஒன்றாகச் சேரும். பிஎஃப்போடு சேர்ந்த ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும் என்பதால், முன்பு ஏழு, எட்டு ஆண்டுகள் வேலை பார்த்து, பணத்தை எடுக்காமல் விட்டவர்களுக்கு இது பெரிய விஷயம். 50 வயதிலிருந்தே ஓய்வூதியம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். 58-க்கு முன் வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறைந்துகொண்டே போகும். 58 வயது நிறைந்த பிறகு வேலையில் தொடர்ந்தால் ஓய்வூதிய நிதிக்குப் பிடித்தம் நின்று, நிறுவனத்தின் பங்கு முழுவதும் பிஎஃப் கணக்கிலேயே சேரும்.

நம் தலைமுறைக்கே உரிய இரண்டு சிக்கல்கள் இங்கே குறுக்கிடும். பழைய ஆவணங்களில் பெயருக்கு முன் இனிஷியல் இருக்கும். ஆதாரில் அது தந்தை பெயராகவோ கணவர் பெயராகவோ விரிந்திருக்கும். பிறந்த தேதியும் அப்படித்தான்: பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் பார்த்துப் போட்ட ஜூன் மாதத் தேதி சான்றிதழில் ஒன்றாகவும், ஆதாரில் வேறாகவும் இருக்கும். எனக்குப் பெயர் வேறுபாட்டைச் சரிசெய்யவே நான்கு மாதங்கள் ஆயின. வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், வேலை தேடத் தொடங்கும் நாளிலேயே பள்ளிச் சான்றிதழ், ஆதார், பான், வங்கிப் புத்தகம் நான்கையும் மேசையில் பரப்பி, பெயரும் தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் அதற்கான விண்ணப்பத்தை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

முதல் மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் பிஎஃப் பிடித்தம், இஎஸ்ஐ பிடித்தம், வேலையில் சேர்ந்த தேதி ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். அடுத்த மாதம் பிஎஃப் கணக்கைத் திறந்து, பிடித்த தொகை உண்மையில் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பணிக்காலம் அங்கே இன்னும் ஏறவில்லையென்றால், பணமாற்ற விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, ஒப்புகை எண்ணை அந்த நோட்டுப் புத்தகத்திலேயே குறித்துவையுங்கள்.